டேஷ்போர்டுப் பல்லி

எங்கள் காருக்குள் ஒரு பல்லி இருந்தது. யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் என் மாமனார் வைத்தீஸ்வரனுக்கு அதன்மேல் அபார நம்பிக்கை. ஏசியைப் போட்டால் டேஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று ஏழெட்டுத் தடவை சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சொன்னால் அந்தப் பேச்சு சத்தியம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் சத்தம் வரும் நேரம் பார்த்து அவர் ஏதாவது சொல்லிவைப்பார். பல்லி ஆமோதித்ததும் டேஷ்போர்டை விரலால் மூன்று முறை தட்டி, "கேட்டியா, பல்லி சொல்றது" என்பார்.

ஏழு மாதமாக அவர் சொல்லிவந்தது ஒரே விஷயம். கார் ஏசியில் சூடான காற்று வருவதற்குக் காரணம் என்னுடைய சர்க்கரைத் தூள்.

நான் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவைச் சுற்றிக் குஜராத்திக் குடும்பங்கள் நிறைய. முட்டை சேர்க்காத கேக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். காரின் பின் சீட்டில் கேக்குப் பெட்டி போகும், மைதாவும் சர்க்கரைத் தூளும் வரும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சர்க்கரைத் தூள் பொட்டலம் காருக்குள் பிரிந்து கொட்டியது. அது போன வருஷம் ஏப்ரலில். ஏசி கெட்டது ஆகஸ்டில். நடுவில் நாலு மாதம் அந்தச் சர்க்கரை எங்கே போய் உட்கார்ந்திருந்தது என்று கேட்டுப் பார்த்தேன். அவர் துறைமுக ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். ஒரு ஃபைலை மூடிவிட்டால் மறுபடி திறக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மெக்கானிக்குகளும் அவர் பக்கம்தான். ஒருவர் கேஸ் நிரப்பினார். அடுத்தவர், முன்னவர் நிரப்பியது சரியில்லை என்று எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்பினார். மூன்றாமவர் ஃபில்டரை மாற்றிவிட்டு, "உள்ளே ஏதோ வெள்ளையா இருந்தது ஸார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி மாமனார் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு வர்க் ஷாப் வாசலிலும் வண்டி ஜம்மென்று குளிரும். கொஞ்ச தூரம் ஓடியதும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும்.

அந்த மார்ச் மாதச் சனிக்கிழமை இந்த விளையாட்டுக்கெல்லாம் இடமில்லை. வெலிங்டன் தீவில் ஒரு ஹாலில் நிச்சயதார்த்தம். நாலு மணிக்கு என் கேக் மேஜைமேல் இருக்க வேண்டும். இரண்டு அடுக்கு, உள்ளே ஏலக்காயும் பிஸ்தாவும், வெளியே முழுக்க க்ரீம். ஹால் மேனேஜர் கங்கா போனில் சுற்றி வளைக்காமல் பேசினார். இதற்கு முன் இரண்டு பேருடைய கேக் வெயிலில் சரிந்துபோய் வந்து சேர்ந்ததாம். என்னுடையது நேராக நின்றால் இனி அந்த ஹாலின் விசேஷங்களுக்கெல்லாம் நான்தான். சாய்ந்து வந்தால் அத்தோடு சரி.

அதுவரை தெருவுக்குள்ளேயே பிறந்தநாள் கேக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த ஹால் கிடைத்தால் கேக் என் தொழில் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அது மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதுபோல 'ஸுப்ரியாவோட பொழுதுபோக்கு'. அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். எனக்கு அந்த ஹால் வேண்டும்.

முந்தின நாள்தான் மூன்றாவது மெக்கானிக் சத்தியம் செய்து காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தார். அதை நம்பி இரண்டேகால் மணிக்குக் கேக்கைப் பின் சீட்டில் ஏற்றினோம். கணவர் சுதீர் ஆபீஸ் வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். மாமியார் நீலாம்பாள் பெட்டியின்மேல் துளி விபூதி வைத்தார். மாமனார் வேஷ்டி சட்டையில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"அப்பா, நீங்க எதுக்கு? வெயில் கொளுத்தறது."

"ஐலண்டுல எனக்குத் தெரியாத சந்து கிடையாது. நீ வழி தெரியாம நின்னா கேக் வெண்ணெயாப் போயிடும்."

ஏசியைப் போட்டேன். குளிர்ந்தது. உள்ளே டிக் டிக் கேட்டது. "சக்கரையெல்லாம் போயாச்சு, இனி சரியாயிடும்" என்று அவர் அவசரமாகச் சொல்லி, மூன்று தட்டுத் தட்டினார். அரிசி மண்டிகளைத் தாண்டுகிறவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. சுள்ளிக்கல் பக்கம் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நிற்க, வண்டிகள் வரிசையாக நின்றன. நின்ற இரண்டாவது நிமிஷம் காற்று வெதுவெதுப்பானது. ஐந்தாவது நிமிஷம் சுட்டது.

பின்னால் திரும்பிப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். க்ரீம் பளபளவென்று மின்னியது. க்ரீம் மின்னக் கூடாது. மின்ன ஆரம்பித்தால் அரைமணி நேரத்தில் வழுக்க ஆரம்பிக்கும். போனில் டாக்ஸி கூப்பிட்டேன். ஒருவர் ஏற்றுக்கொண்டு, டிராஃபிக் பிளாக்கைப் பார்த்ததும் ரத்து செய்தார். இன்னொருவரும் அப்படியே.

"நான் சொன்னேனே," என்றார் மாமனார். "சக்கரை உள்ளுக்குள்ளே உருகிப் பாகாயிருக்கும்."

"அப்பா, இன்னொரு தடவை சக்கரைன்னு சொன்னேள்னா நான் உங்களை இங்கேயே இறக்கி விட்டுடுவேன்."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய இடத்தில் ஒரு போர்டு தெரிந்தது. கார் ஏசி என்று மலையாளத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பனிக்கட்டி வரைந்திருந்தது. "அதோ" என்று கையைக் காட்டினார். அன்று அவர் செய்த முதல் உபகாரம் அது. வண்டியை ஒடித்து உள்ளே விட்டேன்.

நீல நிற ஓவர்கோட்டும், தலைமுடியை உள்ளே செருகிய தொப்பியுமாக முப்பது வயசுப் பெண் ஒருத்தி ஒரு வெள்ளை ஜீப்பின் பானெட்டிலிருந்து நிமிர்ந்தாள். சட்டைப் பையில் விஜி என்று தைத்திருந்தது. நான் மலையாளத்தில் கடகடவென்று நிலைமையைச் சொல்ல, நடுவில் மாமனார் தமிழில் "சக்கரை" என்று முணுமுணுக்க, அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"முதல்ல கேக்கை எறக்குங்க சேச்சி. இந்த ஜீப்புல கூலிங் டெஸ்ட் ஓடிட்டிருக்கு, உள்ள ஐஸ் மாதிரி இருக்கு. அதுல வைக்கலாம். ஆனா ஓனர் மூணேகாலுக்கு வந்துருவாரு. அதுக்குள்ள நம்ம வேலை முடியணும்."

நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கேக்கை ஜீப்புக்கு மாற்றினோம். ஏதோ ஒரு முகம் தெரியாத மனிதரின் வண்டியில் என் எதிர்காலம் போய் உட்கார்ந்தது. மணி இரண்டு நாற்பது.

தமிழ் கேட்டதில் மாமனாருக்குத் தெம்பு வந்துவிட்டது. "உனக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதான் ஸார். சுள்ளிக்கல்."

"அதில்லை, பூர்வீகம்?"

"அதுவும் சுள்ளிக்கல்தான் ஸார். தாத்தா இங்க முனிசிபாலிட்டில துப்புரவு வேலைக்கு வந்தவரு. அப்பா பாலையாவும் அங்கதான். நான் ஏசி." சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறந்தாள். மாமனார் "ஓ" என்றார். அந்த 'ஓ'வை நான் அறிவேன். எங்கள் வீட்டில் அது ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்பதற்கு முன்னால் வருவது. அவர் நகர்ந்தும் நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. விஜி கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் தணுப்பு வருமா, சேச்சி?"

"வரும். அஞ்சு நிமிஷம் நன்னா குளிரும். அப்புறம்தான் சூடு."

"காலைல மொத மொத எடுக்கும்போது கூடுதல் நேரம் வருமா?"

யோசித்தேன். உண்மைதான். இதை மூன்று மெக்கானிக்குகளில் ஒருவரும் கேட்டதில்லை. அவள் உள்ளே கையை விட்டு, இருந்த குழாய்களில் தடித்ததைத் தொட்டாள். "நீங்களும் தொடுங்க." தொட்டேன். சில்லென்று இருந்தது. மேலே வியர்வை மாதிரி நீர் கோத்திருந்தது.

"கேஸ் இருக்கு. கம்ப்ரஸர் ஓடுது. ஃபேன் சுத்துது. தணுப்பு நல்லாவே உண்டாகுது சேச்சி. வழியில யாரோ அதைச் சூடாக்கி அனுப்புறாங்க."

"சக்கரை?" என்றார் மாமனார், சன்னமாக.

"சக்கரை சூடாக்காது ஸார்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளுக்கு ஒரு கிலோ கேக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

கார்களில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. கொச்சியில் யார் அதைப் போடப்போகிறார்கள்? ஆனால் போடாவிட்டாலும் எஞ்சினின் வெந்நீர் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்குமாம். குளிர் வேண்டும்போது உள்ளே ஒரு சின்னக் கதவு அந்த ஹீட்டரை மூடிவிட வேண்டும். எஞ்சின் சூடாகிறவரை தண்ணீரும் சூடாகாது, அதனால்தான் முதல் ஐந்து நிமிஷம் தப்பித்தோம். விஜி ஒரு ரப்பர் குழாயைத் துணி சுற்றி இடுக்கியால் நெருக்கிப் பிடித்தாள். "உள்ள போய்க் கையை வச்சுப் பாருங்க." போய் வைத்தேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். காற்று வெதுவெதுப்பிலிருந்து இறங்கி இறங்கிக் கடைசியில் விரல் நுனி ஜில்லிட்டது. ஏழு மாதமாக எனக்குக் கிடைக்காத காற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்குக் காற்றுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"இடுக்கியை இப்படியே விட்டுட்டுக் கொண்டு போயிடட்டுமா?"

"ஹோஸ் பழசு. பாலத்து மேல போய்ப் பொட்டி வெடிச்சுதுன்னா எஞ்சினும் போகும், கேக்கும் போகும். கதவு ஏன் மூடலைன்னு பாத்துருவோம்." அவள் இடுக்கியை எடுத்துவிட்டுக் காருக்குள் வந்தாள். வண்டியை அணைத்து மறுபடி சாவியைத் திருப்பியதும் டிக் டிக் கேட்டது. காதைச் சாய்த்துக்கொண்டாள். "இது எவ்வளவு நாளா?"

"அது பல்லி" என்றார் மாமனார்.

"கதவைத் தள்ளுற மோட்டார் ஸார். தள்ளிப் பாக்குது, கதவு நகரல, கியர் வழுக்குது. பாவம், அது இத்தனை நாளா விளிச்சுச் சொல்லிட்டே இருந்திருக்கு." ஏழு மாதத்துச் சத்தியங்கள் எல்லாம் ஒரே அடியில் போனதில் மாமனார் முகம் சின்னதாகிவிட்டது. நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

விஜி டேஷ்போர்டின் கைப்பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தாள். தலையில் கட்டிய விளக்குடன் உள்ளே குனிந்தபடி கேட்டாள். "கடைசியா நல்லா தணுத்தது எப்போன்னு ஞாபகம் இருக்கா சேச்சி?"

எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. "ஆவணி அவிட்டத்தன்னிக்கு. அப்பாவைக் கோவில்லேர்ந்து கூட்டிண்டு வந்தேன். சரியான மழை. முன் கண்ணாடி மங்கிப்போய், கண்ணாடிக்கு அடியிலேர்ந்து காத்து வருமே, அதைப் போட்டிருந்தேன். அன்னிக்கு வரைக்கும் சரியா இருந்தது. இல்லையாப்பா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த டயர் கம்பெனிக் காலண்டரை வெகு சிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தார். மலையாளக் காலண்டர், அதுவும் போன வருஷத்தது.

மூன்று மணி ஐந்து. மூன்று எட்டு. ஜீப்பின் கண்ணாடி வழியாக என் பெட்டியைப் பார்த்தேன், பிறகு சாலையைப் பார்த்தேன். வருகிற ஆண்களெல்லாம் ஜீப் ஓனர் மாதிரியே தெரிந்தார்கள்.

"கிட்டிப் போச்சு" என்றது விஜியின் குரல். "நூலு. கதவோட அச்சுல சுத்தியிருக்கு. கண்ணாடிக்கு அடியில இருக்கிற ஓட்டை வழியா விழுந்திருக்கணும்." நீள மூக்கு ப்ளையரால் மெதுவாகச் சுற்று பிரித்தாள். இழை இழையாக, அழுக்கேறி, வந்துகொண்டே இருந்தது. முடிவில் முடிச்சும் வந்தது. அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரே ஒருவர்தான் புதுப் பூணூல் போட்டுக்கொண்ட அன்றே பழையதைத் தண்ணீரில் விட வேண்டும், கண்ட இடத்தில் போடக் கூடாது, காலில் படக் கூடாது என்று எல்லாருக்கும் பாடம் எடுப்பவர். அன்று மழையில் படகுத்துறைக்குப் போக முடியவில்லை. கீழே வைக்கக் கூடாதென்று டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி வைத்திருக்கிறார். வைத்தவர் மறந்துவிட்டார். வைத்தது நழுவிவிட்டது.

விஜி நிமிர்ந்தாள். அது என்னவென்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. ப்ளையரைத் தன்னிடமிருந்து தள்ளி நீட்டிப் பிடித்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை.

"ப்ளையர்லதான் பிடிச்சிருக்கேன் ஸார். கை படல."

மாமனார், முன்பு பின்னால் நகர்ந்த அந்த ஒரு அடியை முன்னால் வைத்து, இரண்டு கையையும் நீட்டினார். "அதெல்லாம் ஒண்ணும் பாக்க வேண்டாம். கையிலேயே தா, குழந்தே." அவள் ப்ளையரிலிருந்து எடுத்து, க்ரீஸ் விரல்களால் அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை மூடிக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்க்காமல், காலண்டரைப் பார்த்தே சொன்னார். "சக்கரை இல்லை."

"இல்லைப்பா" என்றேன் நான். வேறு எத்தனையோ சொல்லலாம் என்று ஏழு மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததை அப்படியே விட்டுவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினேன்.

சாவியைத் திருப்பினோம். டிக் டிக் இல்லை. காற்று குளிர்ந்தது, குளிர்ந்தபடியே இருந்தது. ஜீப் ஓனர் வாசலில் வந்து நிற்கும்போது நாங்கள் கேக்கை அவர் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். அவர் வாயைத் திறப்பதற்குள் விஜி, "கூலிங் செக் பண்ணினதாக்கும் சாரே, பெர்ஃபெக்ட்" என்றாள். எங்களை அனுப்பும்போது, "கேக் நேரா நின்னா ஒரு போட்டோ அனுப்புங்க சேச்சி" என்று கையசைத்தாள்.

பாலத்தை நோக்கிப் போகும்போது உள்ளே மார்கழி. மாமனார் மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு நடுங்கினார். "கொஞ்சம் குறைக்கப்டாதோ?"

"க்ரீம், அப்பா."

"சரி, சரி." பாலத்தின்மேல் தண்ணீரைப் பார்த்ததும் ஆசையாகக் கேட்டார். "இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தினா இதை விட்டுடலாம்."

"கேக் இறங்கினப்புறம்தான். ஏழு மாசம் பொறுத்துண்டதுக்கு இன்னும் பத்து நிமிஷம் பொறுத்துக்கட்டும்." அவர் எதிர்த்துப் பேசவில்லை. என் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இது முதல் முறை.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஹால். சந்தெல்லாம் தெரிந்தவர் என்பது பொய்யில்லை, லாரிகளைத் தவிர்த்துப் பின்வழியாகக் கொண்டுபோய்விட்டார். பூணூலைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார். மேஜையில் வைத்து மூடியைத் திறந்தேன். கேக் நின்றது. இரண்டு அடுக்கும், ஓரத்து மடிப்பும், மேலே தூவிய பிஸ்தாவும் வீட்டில் வைத்தபடியே இருந்தன. மேனேஜர் கங்கா குனிந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், தன் டைரியைத் திறந்து என் பெயரைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "ஸுப்ரியா. எங்க மாட்டுப்பொண். இதாக்கும் இவ தொழில்."

தமிழில்தான் சொன்னார். கங்கா மலையாளத்தில் எழுதிக்கொண்டார். தொழில் என்ற வார்த்தைக்கு இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம்தான். நான் திரும்பிக்கொண்டு பெட்டியின் நாடாவை மடிப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து, தண்ணீர் ஓரமாகக் காரை நிறுத்தினோம். கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. அவர் ஏதோ முணுமுணுத்து, பூணூலைக் காயலில் விட்டார். அது கொஞ்சம் மிதந்துவிட்டுப் போய்விட்டது. உடனே என் பக்கம் திரும்பினார்.

"நீலா கிட்ட இது வேண்டாம், கேட்டியா. அன்னிக்கே தண்ணியிலே விட்டாச்சுன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

நான் பதில் சொல்லும் முன் அவருடைய போன் அடித்தது. மாமியார்தான். மாமனாருக்குக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, எப்போதும் ஸ்பீக்கர்.

"கேக் போய்ச் சேந்துதா?"

"சேந்தது. ராஜா மாதிரி நிக்கறது."

"ஏசி?"

"வழியிலே சரி பண்ணியாச்சு. நல்ல கைராசிக்காரி."

"என்னதான் கோளாறாம்? சக்கரைதானே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கப்பலைப் பார்த்தேன். உதவக் கூடாது என்று பிடிவாதமாகப் பார்த்தேன். காற்று அடித்தது. ஒரு படகு போயிற்று.

"சக்கரை இல்லை நீலா" என்றார் கடைசியில். "நானாக்கும். ஆவணி அவிட்டத்தன்னிக்குப் பழைய பூணலை வண்டியிலே வச்சுட்டு மறந்துட்டேன். தண்ணியிலே விட்டேன்னு உங்கிட்ட சொன்னது பொய். அதுதான் உள்ளே போய்ச் சுத்திண்டு கிடந்தது. ஸுப்ரியா மேலே ஒரு தப்பும் இல்லை."

அந்தப் பக்கம், மட்டாஞ்சேரியில் எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து, போன் வழியாகத் தெளிவாகக் கேட்டது. டிக், டிக், டிக்.

"பல்லி சொல்றது" என்றார் மாமியார்.

மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். தட்டுவதற்கு வேறொன்றும் அகப்படாமல், எங்கள் காரின் பானெட்டையே விரலால் மூன்று முறை தட்டினார்.